மாலை போடாத சாமி

போன கார்த்திகையில் எங்கள் அபார்ட்மெண்டே என்னைச் சாமியாக்கிவிட்டது. மாலை போடவில்லை, விரதம் இல்லை, முந்தின ராத்திரிகூட பரோட்டாவும் சிக்கன் சால்னாவும்தான். எல்லாம் இந்த மூஞ்சியால் வந்தது.

கோயம்புத்தூரில் காற்று வறண்டு வீசத் தொடங்கியதும் எனக்கு மூக்கின் இரண்டு ஓரத்திலும் புருவத்துக்குள்ளும் தோல் உரிய ஆரம்பித்தது. விரலால் தேய்த்தால் தேங்காய்த் துருவல் மாதிரி சட்டையில் கொட்டும். ஷேவ் பண்ணிப் படிகாரக்கல்லைத் தடவினால் எரிகிற எரிச்சலில் மறுபடி ரேசரைத் தொடவே மனசு வரவில்லை, அப்படியே விட்டதில் பத்து நாளில் நல்ல தாடி. தாடியும், நெற்றியோரம் வெள்ளைப் பொடியும், கார்த்திகை மாசமும் சேர்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

லிஃப்டில் இரண்டாவது மாடி அம்மா என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, மாலை போட்டிருக்கறீங்களாட்ட இருக்குது?" சட்டைக் காலர் பட்டன் வரை போட்டிருந்ததால் கழுத்து தெரியவில்லை. தோல் உரிகிறது என்று விளக்குவதற்குள் அவர் மாடி வந்துவிடும் என்று, ஆமாங்க என்று தலையாட்டித் தொலைத்தேன். மறுநாள் வாட்ச்மேன் "சாமி சரணம்" என்றார். ஆபீஸில் வேறு, அதே அபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர் உண்டு. சாயங்காலம் முட்டை பஃப்ஸ் தட்டு என் மேஜைக்கு வந்தபோது "சாமி இருக்காரு, அந்தப் பக்கம் கொண்டு போப்பா" என்று தள்ளிவிட்டார். அந்த பஃப்ஸ் போன திசையை நான் பார்த்த பார்வையில் பக்தி துளியும் இல்லை.

ஊரில் இருந்து அம்மா, "காஞ்சு போயிருக்குடா, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படு" என்றாள். தடவினேன். காலையில் முகம் பளபளவென்றுதான் இருந்தது, செதில் எல்லாம் எண்ணெயில் படிந்து மறைந்துவிட்டது. நாலாம் நாள் முன்பைவிட இரண்டு மடங்காக, சிவந்துபோய், அரிப்போடு திரும்பி வந்தது. எண்ணெய் பத்தவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் தடவினேன். கூடவே, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும் என்று எனக்கே ஒரு யோசனை தோன்றியது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மனைவி இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் முகத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார், அப்புறம் "தலையில பொடுகு இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "அதேதான், முகத்துக்கு இறங்கியிருக்கு." பொடுகுக்கும் பதவி உயர்வு உண்டு என்று எனக்குத் தெரியாது. எல்லார் தோலிலும் மலசீசியா என்று ஒரு பூஞ்சை குடியிருக்குமாம், அதற்குச் சாப்பாடே தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசைதான். ஆண்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், குளிர் வந்தால் கூடும். "எதாவது தடவினீங்களா?" சொன்னேன். "சாப்பாடு போட்டு வளர்த்திருக்கீங்க" என்றார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பூஞ்சையை அடக்க அவர் எழுதிக்கொடுத்தது கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. வாரம் இரண்டு தடவை, தலைக்கு மட்டும் இல்லாமல் புருவம், மூக்கோரம், தாடிக்குள்ளேயும் நுரையாக்கி ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படாமல் ஐந்து நிமிஷம் பாத்ரூமில் நுரைத்தாடியோடு நிற்பது தனி விரதம். உடம்புக்குப் போடுகிற சோப்பை முகத்துக்குப் போடக்கூடாது, அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9, 10 என்று இருக்கும், தோலுக்கு 5 பக்கம்தான் ஆகும். முப்பத்தி நாலு வருஷமாக உச்சி முதல் பாதம் வரை ஒரே சோப்புதான் எனக்கு. முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம். அடுத்த குளிரில் திரும்பியும் வரும், வந்தால் இதையே செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்தில் அடங்கியது. மார்கழி முடிகிற சமயம் தாடியை எடுத்துவிட்டு மொழுமொழு முகத்தோடு லிஃப்டில் ஏறினால் அதே அம்மா.

"மலைக்குப் போயிட்டு வந்துட்டீங்களாட்ட! முகத்துல என்ன களை! பிரசாதம் எங்கீங்க தம்பி?"

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது, நிஜமாகவே மலைக்குப் போய்வந்த ஆபீஸ் நண்பரிடம் ஒரு அரவணை டின்னுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு நாலு முட்டை பஃப்ஸ் கேட்கிறார்.