எச்பி கேன்சல் ஆகாத தோஸ்த்

ஆர்சி நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. கவரைக் கிழித்ததும் என் பெயரைக்கூடத் தேடவில்லை, எச்பி, அதாவது வண்டி அடமானத்தில் இருக்கிறது என்று போடும் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர், போய்விட்டதா என்றுதான் பார்த்தேன். போய்விட்டது. இந்த தோஸ்த் சரக்கு வண்டியை வாங்கி நாலு மாதம் ஆகிறது.

மதுரையில் கேன் தண்ணீர் போடுகிறேன். இத்தனை நாளும் வாடகைக் குட்டி யானை (டாடா ஏஸ்). பழசில் சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று கிளம்பியபோது எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு விலை. ஒர்க்‌ஷாப் பாய்தான் கேட்டார், "ஒரு கேன் எத்தனை கிலோ தம்பி?" தண்ணீரோடு 21 கிலோ பக்கம் வரும். முக்கால் டன் வண்டியில் முறைப்படி 35 கேன்தான். நான் ஏற்றிக்கொண்டிருந்தது 60. "வாடகை வண்டில ஸ்பிரிங் பட்டை படுத்தா அவன் பாடு. சொந்த வண்டின்னா உன் பாடு. ஒண்ணேகால் டன் வண்டியாப் பாரு" என்றார். அதில் 59 வரும்.

அப்படியும் முதலில் போய்ப் பார்த்தது குட்டி யானையைத்தான். விலை அப்படி. ராமநாதபுரம் பக்கம், நல்ல பளபளப்பு. சேஸிஸுக்குக்கூடப் புதுக் கறுப்பு பெயிண்ட். எவ்வளவு அக்கறையான ஓனர் என்று நான் மெச்சிக்கொண்டிருக்க, பாய் ஸ்பேனரோடு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டே போனார். முன்னால் டங் டங் என்றது. பின் வீல் பக்கம் போனதும் டொப் என்றது. அந்த இடத்தைச் சுரண்டினார். பெயிண்டோடு சேர்ந்து துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து அவர் சட்டை மேலேயே விழுந்தது. மீன் லோடு அடித்த வண்டி. ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கிறது. "காய்கறிதாங்க ஏத்துனோம்" என்று ஓனர் கடைசிவரை சாதித்தார்.

இன்னொன்றும் கவனித்தோம். அந்த வண்டிக்கு என்ஜின் சீட்டுக்கு அடியில். ஏறி உட்கார்ந்தால் சூடு தெரிந்தது. வருகிறோம் என்று போன் பண்ணிவிட்டுப் போனது எங்கள் தப்பு. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வைத்திருக்கிறார். பழைய டீசல் வண்டியின் பாதி ஜாதகம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது. எத்தனை முறை இழுத்து எடுக்கிறது, என்ன நிறத்தில் புகை தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். சூடான என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் நம்பாதீர்கள்.

அடுத்த மூன்று வண்டிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவதுதான் இந்த தோஸ்த், பாய் சொன்ன ஒண்ணேகால் டன் வண்டி. திண்டுக்கல் பக்கம், 2017 மாடல், சிங்கிள் ஓனர். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தோம், பேக் கம்ப்ரஷன் இல்லை, அதாவது மூடி வழியாகப் புகை தள்ளவில்லை. பக்கத்து ரைஸ் மில்லில் கேட்டுப் பதினைந்து மூட்டை ஏற்றி ஒரு மேடு ஏற்றிப் பார்த்தோம். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். 3,10,000-க்கு முடிந்தது. "பேர் மாத்துற வரைக்கும் 25,000 நிறுத்தி வை" என்று பாய் காதில் சொன்னார். வயசானவரிடம் அப்படிக் கேட்க எனக்குக் கூச்சம். பாயே கேட்டுவிட்டார்.

இரும்பை இவ்வளவு பார்த்தவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆர்சியில் எச்பி இருந்தது. "லோன் 2021-லயே முடிஞ்சுது, என்ஓசி கையில இருக்கு" என்று, கடன் பாக்கி இல்லை என ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடிதத்தை ஓனர் காட்டினார். சீல், கையெழுத்து எல்லாம் சரி. பேர் மாற்ற 29, 30, எச்பி நீக்க 35 என்று எல்லா ஃபார்மிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆன்லைனில் போடும்போது ஓடிபி அவர் தொலைத்துவிட்ட பழைய நம்பருக்குப் போனது. அதை மாற்ற ஒரு நாள். இ-சலான் ஒன்று பாக்கி, கட்டினேன். ஆர்டிஓ ஆபீசில் ஒரு மணி நேரம் நின்று கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த அம்மா என்ஓசியின் அடியில் ஒரு வரியில் விரலை வைத்தார். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். "புதுசா வாங்கிட்டு வாங்க. அடுத்தவங்க..."

என்ஓசியில் இருந்த முகவரிக்குப் போனேன். அங்கே ஜெராக்ஸ் கடை. "அவங்க காலி பண்ணிட்டாங்கண்ணே. உங்கள மாதிரி மாசம் நாலு பேர் வர்றாங்க" என்றான் பையன். இப்போது எல்லாம் திருச்சியில்தானாம். ஒரு நாள் லைனை விட்டுவிட்டுத் திருச்சி போனேன். ஒரே வார்த்தை: "கடன் வாங்கினவர் ஆதாரோட நேர்ல வரணும் சார்." இதைக் கஸ்டமர் கேரில் மூன்று முறை பேசியபோது ஒருவர்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சாப்பிடக்கூட மனசில்லை.

விற்றவர் அதற்குள் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தார். "அந்த 25,000 விஷயமாப் பேசணும்ப்பா" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். பாய் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

இரண்டாவது திருச்சிப் பயணம் இருவருமாக. டூப்ளிகேட் என்ஓசிக்கு ஜிஎஸ்டியோடு 1,180 என்றார்கள். அவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் கட்டினேன். கடிதம் கைக்கு வந்ததும் வெளியே போகாமல் அங்கேயே நின்று சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு பூஜ்யம் 'ஓ'வாக இருந்தது. திருத்தி வாங்கினேன். அதைக் கவனிக்காமல் வந்திருந்தால் மூன்றாவது முறையும் திருச்சிதான்.

இதற்கிடையில் ஆளாளுக்கு யோசனை. லைசென்சில் பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி) இல்லாமல் ஓட்டக்கூடாது என்று ஒருவர். 7,500 கிலோவுக்குள் எடையுள்ள வண்டியை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்சில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பெர்மிட் எங்கே என்று இன்னொருவர். மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் கிடையாது. யாரும் ஞாபகப்படுத்தாத விஷயம் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு அது வருஷா வருஷம். விலை பேசும்போதே எஃப்சி எத்தனை மாதம் பாக்கி என்று கேட்டுக் குறையுங்கள். இன்சூரன்ஸும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எச்பி கவலையில் அதை மறந்து, அந்த நாலு மாதமும் விற்றவர் பேரில் இருந்த பாலிசியோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நேற்று சாயங்காலம் ஆர்சியைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பின்னாலேயே பாக்கிப் பணத்தை ஜிபேயில் போட்டேன். 25,000-ல் 1,180 கழித்து, 23,820. இரண்டு நீல டிக் விழுந்தது. ஏன் குறைகிறது என்று இதுவரை அவர் கேட்கவில்லை.