உருளைக்கிழங்குலயும் வாத்து! தோர்தோன்ய்ல ஒரு வாரம்

நேத்து ராத்திரி தான் பாரிஸ் திரும்பினோம், துணியெல்லாம் இன்னும் பெட்டிலயே கெடக்கு, ஆனா இத இப்பவே எழுதலன்னா கோவம் ஆறிப்போயிடும்.

போனது தென்மேற்கு ஃப்ரான்ஸ்ல தோர்தோன்ய் பக்கம், சர்லாவுக்கு கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். ஜீத்னு சொல்வாங்க, சனிக்கிழமைலேந்து சனிக்கிழமை வரைக்கும் வாடகைக்கு விடற வீடு. மஞ்சக் கல்லு சுவர், பின்னாடி வால்நட் தோப்பு. போய் எறங்கினதும் ஓனர் ஒரு பேப்பர நீட்டுறாரு, படுக்கை விரிப்புக்குத் தனி காசு, துண்டுக்குத் தனி காசு, க்ளீனிங் 60 யூரோ. நாங்களே கழுவி விட்டுட்டுப் போறோமேன்னேன். சரி, ஆனா நான் பாத்து திருப்தியானா தான் டெபாசிட் முழுசா வரும்னுட்டாரு. இந்த 60 யூரோ வாரம் பூரா என் தலைக்குள்ளயே ஓடிட்டிருந்துச்சு.

(கார்ல போறவங்களுக்கு ஒரு தகவல்: வியர்சோன்லேந்து ப்ரீவ் வரைக்கும் ஏ20 ஹைவேல டோல் கிடையாது. மிச்சப்படுத்தினது அது ஒண்ணு தான்.)

கூட மாமியார் வந்திருந்தாங்க, கும்பகோணத்துலேந்து மூணு மாச விசால. சுத்த சைவம். இந்த ஊரோ வாத்து ஊரு. மெனு கார்டத் தொறந்தா வாத்துத் தொடை, வாத்து நெஞ்சு, வாத்து ஈரல், அதாவது ஃபுவா க்ரா. சர்லா நடுவுல வெண்கலத்துல மூணு வாத்து சிலையே வச்சிருக்காங்க, அது பெரிய வாத்து, வேற ஜாதியாம். பசங்க அதுமேல ஏறி உக்காந்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க.

மொத நாள் மதியம் ரெண்டு மணிக்கு மேல போனா கிச்சன் மூடியாச்சுன்னு வெரட்டி விட்டாங்க. மறுநாள் பன்னெண்டே காலுக்கே போய் உக்காந்து, அத்தைக்கு சேஃபா இருக்கட்டும்னு சாலட் சொன்னேன். வந்துச்சு, மேல அழகா வால்நட், நடுவுல பழுப்பா துண்டு துண்டா ஏதோ. காளான்னு நெனச்சு முள்கரண்டில குத்திட்டாங்க, நல்லவேளை நான் கேட்டேன். வாத்தோட எரப்பை! சரி, உருளைக்கிழங்கு கொண்டாங்கன்னா, பொன்னிறமா, பூண்டும் பார்ஸ்லியும் தூவி, அந்த வாசனைக்கு நானே பாதி தட்ட காலி பண்ணிருப்பேன். இதுல கறி இல்லயேன்னு கேட்டேன். "கறி இல்ல சார், வாத்துக் கொழுப்புல வறுத்தது, அவ்ளோ தான்"னு சிரிச்ச மொகத்தோட சொல்றாரு அந்த சர்வர். "மாப்ள, எனக்கு ப்ரெட்டே போதும்"னுட்டாங்க அத்தை. அந்த ப்ரெட்டுக்கும் தண்ணிக்கும் காசு இல்ல, அது ஒரு ஆறுதல். உண்மையச் சொல்லணும்னா அந்த உருளைக்கிழங்கு மாதிரி நான் வாழ்க்கைல சாப்ட்டதில்ல, ஆனா அத அங்க உக்காந்து வாய் தொறந்து சொல்ல முடியுமா.

தோர்தோன்ய் ஆத்துல கனூ ஓட்டினது தான் மொத்த ட்ரிப்லயும் பெஸ்ட். செனாக்ல ஏத்தி விட்டா பேனாக் வரைக்கும் ஒரு ஒம்பது கிலோமீட்டர், தண்ணியே இழுத்துட்டுப் போகுது, துடுப்பு சும்மா திசைக்கு. லா ரோக் கஜாக்னு ஒரு ஊரு, பாறைய முதுகுல சாச்சுக்கிட்டு வீடுங்க வரிசையா நிக்குது. அப்புறம் எடப்பக்கம் கஸ்தெல்னோ கோட்டை, தள்ளி வலப்பக்கம் பேனாக் கோட்டை. நூறாண்டுப் போர் சமயத்துல ஒண்ணு இங்கிலாந்துக்காரன் பக்கம், இன்னொண்ணு ஃப்ரெஞ்சுக்காரன் பக்கம், நடுவுல இந்த ஆறு. உள்ள போக டிக்கெட் வெல பாத்துட்டு கீழேந்தே கும்பிட்டுக்கிட்டோம்.

ஆதிமனுஷங்க ஓவியம் வரஞ்ச லஸ்கோ குகைக்குப் போகலாமா வேணாமான்னு வீட்ல சண்ட. நெஜ குகைய 1963லயே மூடிட்டாங்க, கூட்டம் விட்ட மூச்சுக்காத்துல ஓவியம் கெட ஆரம்பிச்சிடுச்சு. இப்ப நகல் தான் காட்றாங்க, நாங்க போனது 2016ல தொறந்தது. நகலப் பாக்க இவ்ளோ காசான்னு மொனகிட்டே தான் உள்ள போனேன், ஆனா இருட்டுல அந்த காளைங்க தலைக்கு மேல ஓடறதப் பாத்ததும் வாய மூடிக்கிட்டேன். போங்க, ஆனா ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணிடுங்க.

புதன்கெழம சர்லா சந்தை. அத்தைக்கு அன்னிக்கு தான் மொகமே மலந்துச்சு. கபேகூன்னு உள்ளங்கை அளவு ஆட்டுப்பால் சீஸ், ஸ்ட்ராபெர்ரி, வால்நட் கேக். கடைக்காரம்மா ருசி பாக்கக் குடுத்த வால்நட்ட மென்னுக்கிட்டே ஒரு நிமிஷம் யோசிச்சாங்க, "ஒரு கிலோ வாங்குங்க மாப்ள"ன்னாங்க.

வீட்ல மிக்ஸி கெடையாது. ஓனரோட மர உரல்ல வால்நட், சந்தைப் பூண்டு, ஊர்லேந்து கொண்டாந்த வரமொளகா, துளி புளி, பெருங்காயம் போட்டு இடிச்சு தொவையல். சூடா சோறு, நல்லெண்ணெய். வாத்து மேல சத்தியமா, அந்த வாரத்துல நான் மூணு தடவ சோறு வாங்கினது அன்னிக்கு மட்டும் தான்.

கெளம்பற அன்னிக்கு அத்தை பொங்கலுக்கு வீடு கழுவற மாதிரி கழுவினாங்க. ஓனர் வந்தாரு, அலமாரி மேல வெரல ஓட்டிப் பாத்தாரு, தூசி இல்ல. அப்புறம் உரலுக்குள்ள மூக்க விட்டாரு. பெருங்காயம் எங்க போகும்? உரல் வாசனைக்கு 30 யூரோ புடிச்சுக்கிட்டாரு. ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருந்த தொவையல என்னன்னு கேட்டு, ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு, டப்பாவோட வாங்கிட்டும் போயிட்டாரு.