துளை மூடிய பிறகு

விழித்திரைப் பிரிவில் பார்வை அளவெடுப்பது என் வேலை. விழித்திரையின் மையமான மேக்குலாவில் துளை விழுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களை முதல் வாரத்திலும் பார்ப்பேன், மூன்றாவது ஆண்டிலும் பார்ப்பேன். அதில் ஒரு தையல்கார அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

வந்தபோது வலது கண்ணில் 6/60, அதாவது சாதாரணக் கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படித்தார். டாக்டர் மெல்லிய ஒளிக்கோடு ஒன்றைத் துளையின் மேல் வைத்து எப்படித் தெரிகிறது என்று கேட்டார். "நூலு நடுவுல அறுந்திருக்கு" என்றார் அந்த அம்மா. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் ஜெல்லை எடுத்து, விழித்திரை மேலிருக்கும் ஐஎல்எம் என்ற மெல்லிய சவ்வை நீலச் சாயமேற்றி உரித்து, கேஸ் நிரப்பினார்கள். சில நாள் குப்புறவே கிடந்தார். ஒரு மாதத்தில் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் துளை மூடியிருந்தது. படித்ததோ 6/36.

"மூடிடுச்சுங்கறாங்க. அப்புறம் ஏன் தம்பி தெரியல?"

"போகப் போக சரியாயிடும்மா" என்றேன். அடுத்தவர் காத்திருந்தார். அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லியிருக்க வேண்டியது நிறைய. முதலில் துளையின் விளிம்புகள் சேரும். ஒளியை வாங்கும் செல்களின் அடுக்கு ஒழுங்காவதற்கு மாதக்கணக்காகும். ஸ்கேனில் அந்த அடுக்கைக் காட்டும், விட்டுப்போயிருந்த வெள்ளைக் கோடு மெல்ல மெல்லச் சேர்ந்துவருவதைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு தாண்டியும் ஒரு வரி கூடுதலாகப் படித்தவர்கள் உண்டு. துளை 400 மைக்ரானுக்கு (0.4 மில்லிமீட்டர்) மேல் அகன்று, வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, மூடினாலும் அந்த அளவுக்குப் பார்வை கிடைப்பதில்லை.

நடுவில் புரை வேறு. இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். அந்த அம்மா ஆறாம் மாதம் 6/24 வரை படித்தார். பிறகு மங்கத் தொடங்கவும், ஆபரேஷன் பலிக்கவில்லை என்று நினைத்து வருவதையே நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து மகள் கூட்டிவந்தபோது துளை மூடியபடியே இருந்தது. மறைத்தது புரைதான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வந்திருப்பேனே தம்பி." கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போதெல்லாம் கேஸ் குமிழி கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருக்கும்போதே புரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மங்கினால் உடனே வாருங்கள், புரையா, துளை திரும்பத் திறந்ததா என்று பார்த்துவிடலாம் என்கிறேன். இன்னொரு கண்ணிலும் துளை வரலாம் என்பதால், அவ்வப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கதவுச் சட்டம் நேராகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறை மற்றதில் மறைந்துபோகும்.

புரை எடுத்த பின் அந்த அம்மா 6/12 படித்தார். ஆனால் அட்டையில் எழுத்து படிப்பது வேறு, நேராகத் தைப்பது வேறு. ஒளிக்கோட்டை மறுபடி வைத்துப் பார்த்தோம்.

"அறுகல தம்பி. நடுவுல மட்டும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கு."

ஃபைலில் 6/12க்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.