துஸ்லாவில் எனக்குக் கிடைத்த அரசியல் பாடம்

பொஸ்னியாவுக்குப் போகிறோம் என்றதும் சேலத்தில் எல்லோரும் கேட்டது, "அங்கே சண்டை முடிஞ்சிடுச்சா?" என்றுதான். போர் 1995லேயே முடிந்தது. கணவருக்கு லுகாவாட்ஸ் ஊரில் நிலக்கரியைக் கோக் எரிபொருளாக்கும் ஆலையில் வேலை, அப்போது அது இந்திய முதலாளிகள் கையில் இருந்தது. வீடு பக்கத்து ஊரான துஸ்லாவில். பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்து இறைத்து ஊரின் நடுப்பகுதியே கீழே இறங்கி, எத்தனையோ கட்டடங்களை இடிக்க வேண்டியதாகிவிட்டதாம். இப்போது ஊர் நடுவே உப்பு ஏரிகள் வெட்டி விட்டிருக்கிறார்கள், கோடையில் ஊரே அதில் கிடக்கும்.

எனக்கு இந்த நாட்டைப் புரியவைத்தவர் எதிர்வீட்டு அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. செம்புக் குடுவையில் காப்பி பொங்கவிட்டு, சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் லேசாக நனைத்து ஓரத்தைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார், பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். பேச்சு எப்போதும் அவருடைய கட்சியில் வந்து நிற்கும், இனம் பார்க்காத இடதுசாரிக் கட்சியான சோஷியல் டெமாக்ரடிக் கட்சி. நாடாளுமன்றக் கீழவையின் 42 இடங்களில் 2010ல் 8 பிடித்தது, 2014ல் 3, 2018ல் 5. அவ்வளவுதான். ஆனால் துஸ்லாவில் மட்டும் மேயர் பதவி பல வருஷமாக அவர்களிடம்தான்.

காரணம் பழையது. 1990 தேர்தலில் நாடெங்கும் போஸ்னியாக் (முஸ்லிம்கள்), செர்ப் (ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்), குரோவாட் (கத்தோலிக்கர்கள்) என்று இனக் கட்சிகள் அள்ளியபோது, சுரங்கமும் ஆலையுமாக இருந்த இந்த ஊர் அவற்றுக்குப் போடவில்லை. போர் முழுக்க மேயராக இருந்த செலிம் பெஷ்லாகிச் அந்த வழியில் வந்தவர். அவருடைய சின்னக் கட்சிதான் 1999ல் இந்த அம்மாவின் கட்சியோடு சேர்ந்தது. 1995 மே 25 அன்று கபியா சதுக்கத்தில் குண்டு விழுந்து 71 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். அவர்களில் பலரை மதம் பார்க்காமல் ஒரே இடத்தில் புதைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் கட்சி வளரவில்லை? போரை முடித்த டேட்டன் சமாதான ஒப்பந்தத்தில் வந்த அரசியல் சட்டமே ஆளை இனம் பார்த்துத்தான் எண்ணுகிறது. ஜனாதிபதி பதவி மூவருக்கு: ஒரு போஸ்னியாக், ஒரு குரோவாட், ஒரு செர்ப். யூதரும் ரோமாக்களும் "மற்றவர்கள்", போட்டியிடவே முடியாது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009ல் தீர்ப்புச் சொல்லியும் மாறவில்லை. நான் குடியுரிமை வாங்கினால் நானும் "மற்றவர்கள்"தான், அதைச் சொல்லி அந்த அம்மா அப்படிச் சிரித்தார்.

அதற்காக இவர்கள் சுத்தமானவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2006லும் 2010லும் இவர்கள் நிறுத்திய ஜெல்கோ கோம்ஷிச் ஜனாதிபதி பதவியின் குரோவாட் இடத்தில் ஜெயித்தார், பெரிதும் போஸ்னியாக் ஓட்டில். எங்கள் இடத்தை நீங்களா நிரப்புவது என்று குரோவாட் கட்சிகளுக்கு இன்றுவரை கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் 2014 பிப்ரவரியில், தனியார் கைக்குப் போய் நொடித்த ஆலைகளின் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் இறங்கி, மாகாண அரசுக் கட்டடமே எரிந்தபோது அங்கே ஆட்சியில் இருந்ததும் இதே கட்சிதான். தொழிலாளர் கட்சி என்ற பேர் வேறு.

2022 ஜனாதிபதி தேர்தலில் போஸ்னியாக் இடத்துக்கு இவர்களுடைய டெனிஸ் பெச்சிரோவிச், பதினோரு கட்சி ஆதரவோடு, பெரிய போஸ்னியாக் கட்சியின் தலைவர் பாகிர் இஸெட்பெகோவிச்சைத் தோற்கடித்தபோது அந்த அம்மா எங்கள் வீட்டுக்கே பக்லவா தட்டோடு வந்துவிட்டார். சில மாதத்திலேயே கட்சி, செர்ப் தேசியவாதத் தலைவர் மிலோராட் டோடிக்கின் ஆட்களோடு சேர்ந்து மத்திய அரசு அமைத்தது. "இதுக்கா ஓட்டுப் போட்டேன்?" என்று குடுவையை டொக்கென்று வைத்தார். சரி, அடுத்த முறை வேறு யாருக்குப் போடுவீர்கள் என்றேன். யாருக்குப் போடுவது, போய் இவங்களுக்குத்தான் போடணும் என்றார், திட்டிக்கொண்டே.