ஒர்வியேத்தோவில் ஒரு திருமேனித் துகில்

ரோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டேஷன் கீழே, ஒர்வியேத்தோ ஊர் பாறை உச்சியில். இழுவை ரயிலில் ஏறிப் போனோம். பேராலயத்தின் முகப்பு வெயிலில் தங்கமாய் மின்னுகிறது. பலர் அதைப் படமெடுப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் தேடிப் போனது உள்ளே, இடப்பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

திருப்பலியில் அப்பத்துக்கும் இரசக் கிண்ணத்துக்கும் அடியில் விரிப்பார்களே, அந்த வெள்ளைத் துகில்தான். 1263இல் பிராகு நகரக் குரு ஒருவர், அப்பம் உண்மையில் ஆண்டவரின் உடலாகிறதா என்ற சந்தேகத்தோடு ரோமுக்கு யாத்திரை போனார். வழியில் பொல்சேனாவில், புனித கிறிஸ்தினாவின் கல்லறைமேல் திருப்பலி நிறைவேற்றியபோது அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து துகிலை நனைத்தது என்பது மரபு. எனக்கு அற்புதத்தைவிட அந்தக் குருவைத்தான் பிடித்தது. மனதில் அவ்வளவு குழப்பம் இருந்தும் மனிதர் பூசையை விடவில்லையே!

கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிய துணி, அங்கங்கே மங்கிய கறைகள். அவ்வளவுதான். அதை வைக்க 1338இல் உகோலினோ தி வியேரி முடித்த வெள்ளிப் பேழையின் வேலைப்பாடுதான் முதலில் கண்ணை இழுக்கும்.

அப்போது ஒர்வியேத்தோவில் தங்கியிருந்த திருத்தந்தை நான்காம் உர்பான், 1264இல் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தார். பொல்சேனா அற்புதத்தால்தான் இந்த விழா வந்தது என்று பலர் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆணையில் பொல்சேனா பற்றிப் பேச்சே இல்லை. இந்த விழாவுக்காக, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லீஜ் நகரத் துறவி ஜூலியானா பல காலம் மன்றாடியிருந்தார். அங்கே 1246லேயே மறைமாவட்ட அளவில் அனுமதியும் கிடைத்தது. உர்பான் முன்பு அதே லீஜில் பணியாற்றியவர். விழாவுக்கான மன்றாட்டுகளையும் பாடல்களையும் இயற்றியவர் புனித தாமஸ் அக்குவினாஸ் என்பார்கள். நற்கருணை ஆசீரில் நாம் பாடும் 'மாண்புயர்' அவருடைய பாடலின் கடைசிப் பகுதிதான்.

அப்புறம் திருப்பலிக்கு அமர்ந்தோம். நன்மை அப்பம் வாங்கித் திரும்பியதும் என் கண் பீடத்திலேயே நின்றது. குருவானவர் அப்பத் தட்டை விரலால் வழித்து, ஒட்டியிருந்த துகளைக் கிண்ணத்தில் சேர்த்து, தண்ணீர் ஊற்றிப் பருகினார். துகிலை உள்பக்கமாக மடித்தார், ஒரு பொடிகூடக் கீழே சிந்தாதபடி. கண்ணாடிக்குள் இருப்பதும் ஒருநாள் இப்படி மடிக்கப்பட்ட துணிதானே.

திருவுடல் பெருவிழாவன்று இந்தத் துகிலைத் தெருக்களில் பவனியாக எடுத்துச் செல்கிறார்கள். பவனிதான் வேண்டும் என்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிடலாம். கிட்ட நின்று பார்த்து, கொஞ்ச நேரம் செபிக்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாள்தான் சரி.