சிலிண்டருக்குள் இருந்த நம்பர்

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில், தடய அறிவியல் பாடத்தின் ரிசல்ட் போன வாரம் வந்தது. மூன்றாவது முயற்சி. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கைநழுவியது. பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். இதே தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதில் நான் சுமார்தான். உருப்படியாகப் படித்தது பாலிஸ்டிக்ஸ், அதாவது துப்பாக்கி, தோட்டா ஆய்வு மட்டுமே. அதிலும் கைத்துப்பாக்கி மேலே அடித்திருக்கும் முத்திரைகளும் எண்களும். நஞ்சியல், டிஎன்ஏ வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு எம்எஸ்சி செய்முறைத் தேர்வுதான் காரணம். சுடமுடியாதபடி செய்த பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்றைக் கையில் கொடுத்து, விவரம் எழுதச் சொன்னார்கள். சிலிண்டரை வெளியே தள்ளினேன். உள்ளே ஃப்ரேமில் பளிச்சென்று ஒரு எண். சந்தோஷமாக சீரியல் நம்பர் என்று எழுதிவிட்டேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பி, பிடியின் அடிப்பாகத்தை என் மூக்குக்கு நேரே காட்டினார். அங்கே வேறு எண் இருந்தது! நான் எழுதியது, தொழிற்சாலையில் உதிரிகள் மாறிவிடாமல் இருக்க அடிக்கும் அசெம்பிளி எண். அதே இடத்தில் 'மாடல் 10-5' மாதிரி மாடல் எண்ணும் இருக்கும், 1957-க்குப் பிறகு வந்த பழக்கம் அது. பெரிய ரப்பர் பிடி மாட்டியிருந்தால் உண்மையான எண் அதற்குள் ஒளிந்துவிடும், கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் என் ஒரே யோசனை: எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், அதை அடித்தது யார், எதற்கு என்று கேளுங்கள். செய்தவனா, சோதித்தவனா, வாங்கிய அரசாங்கமா, பட்டறையில் பொருத்திய ஆளா?

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது தேர்தல் நேரம். அப்பா ராணுவத்தில் இருந்து வந்து பாலக்கோட்டில் பேங்க் காவலாளியாக இருந்தவர், சொந்த லைசென்ஸில் இரட்டைக்குழல் வைத்திருந்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை ரசீது எழுதியவர் குழலைப் பார்த்து "12/70" என்று நம்பர் கட்டத்தில் எழுதிவிட்டார். "சார், அது தோட்டா அளவுங்க. 12 போர், தோட்டா உட்காருற சேம்பர் 70 மில்லி. நம்பர் இந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றார் அப்பா. ரசீதைத் திருத்தி வாங்கும்வரை அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. லைசென்ஸில் ஒரு எண், ரசீதில் ஒரு எண் என்றால் திரும்ப வாங்கும்போது அலைய வேண்டியவர் அவர்தானே.

சரி, தருமபுரி மைய நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய என் நோட்டிலிருந்து:

- கிரீடத்தின் கீழே பிஎன்பி: பர்மிங்காம் நைட்ரோ புரூஃப், அதாவது புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் துப்பாக்கி தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்த சோதனை. சோதனைச்சாலையின் முத்திரை, கம்பெனி பெயர் அல்ல.
- முட்டை வடிவத்துக்குள் ஈஎல்ஜி: பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை.
- கழுகு, கீழே என்: ஜெர்மன் நைட்ரோ புரூஃப். அதற்கு முந்தைய காலத்தில் கழுகுக்குப் பதில் கிரீடம்.
- அமெரிக்காவில் இப்படிச் சோதிக்கும் அரசு புரூஃப் ஹவுஸ் கிடையாது. சீரியல் நம்பரை எல்லாத் துப்பாக்கிக்கும் கட்டாயமாக்கியது 1968 சட்டம். அதற்கு முந்தைய சில துப்பாக்கிகளில் எண்ணே இருக்காது, யாரோ அழித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.
- இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் கைத்துப்பாக்கி பி38-இல் தொழிற்சாலைக் குறி ஏசி என்றால் வால்தர், பிஒய்எஃப் மவுசர், சிஒய்க்யூ ஸ்ப்ரீவெர்க்.
- குளாக் பிஸ்டல்: ஃப்ரேம், மேலே நகரும் ஸ்லைடு, குழலான பேரல் மூன்றிலும் எண். ஒத்துப்போகாவிட்டால் பாகம் மாறியிருக்கிறது.
- தோட்டாப் பெயர்களில் 7.65 பிரவுனிங்கும் .32 ஏசிபியும் ஒன்றே. 9 மி.மீ. ஷார்ட் என்பது .380 ஏசிபி. அது 9 மி.மீ. பாரபெல்லம் இல்லை!

போர்க்கால வால்தர் பி38-இல் இன்னொரு வம்பு. பத்தாயிரம் வந்ததும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், பின்னால் ஒரு சின்ன எழுத்து சேரும். அந்த எழுத்து, வருடம், தொழிற்சாலைக் குறி மூன்றும் இல்லாமல் வெறும் எண்ணை எழுதினால் ஒரே நம்பரில் பல துப்பாக்கிகள் நிற்கும்.

அழித்த எண்ணை மீட்பது தனிப் பகுதி. பஞ்ச் அடிக்கும்போது எண்ணுக்கு அடியிலுள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே தேய்த்தாலும் அந்த நசுக்கல் தங்கியிருக்கும், அமிலம் அங்கே வேறு வேகத்தில் அரிக்கும். இரும்புக்கு ஃப்ரை கரைசல், அதாவது காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். காந்தமாக்கி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் காந்தத்துகள் முறை பொருளைக் கெடுக்காது, ஆகவே அதுதான் முதலில், ஆனால் அலுமினிய ஃப்ரேமில் வேலை செய்யாது. எண் தெரிந்த நிமிடமே படம் எடுக்க வேண்டும், மங்கிவிடலாம். வார்ப்பிலேயே வந்த எண்ணில் நசுக்கல் இல்லை, மீட்கவும் வழியில்லை. சட்டக் கேள்விக்கு 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 8 போதும்: எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு.

அப்புறம் அஞ்செட்டி, சித்தேரிப் பக்கத்து நாட்டுத்துப்பாக்கி. அதில் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. என் நோட்டில் அதற்கு ஒரு வெற்றுப் பக்கம் விட்டிருந்தேன், பட்டறை அடையாளம் என்று தலைப்பு மட்டும் போட்டு. சம்மட்டி அடித்த தழும்பு, குழாயில் வெல்டிங் வைத்த விதம் என்று பிறகு நானே நிரப்பிக்கொண்டேன்.

தேர்வன்று சேலம் போகிறவர்கள் காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் போச்சு, இரண்டாம் முயற்சியில் நான் வியர்த்துக்கொண்டே ஓடியது அப்படித்தான். நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றையும் விடாமல் குறியுங்கள். நான் அந்தத் தடவை ஏழு விட்டேன்.