கஹுவெங்கா சந்து பிடிபட்டது: நிழலை வைத்துத் திசை பார்த்த கதை

பழைய மௌனப் படங்களை எடுத்த இடங்களைத் தேடும் என் வேட்டையில், ஒருவழியாக ஹாலிவுட்டின் கஹுவெங்கா சந்து பிடிபட்டுவிட்டது! 'காப்ஸ்' (1922) படத்தில் போலீஸ் பட்டாளம் துரத்த, பஸ்டர் கீட்டன் ஓடுகிற காரை ஒற்றைக் கையால் பற்றி, உடம்பு கிடைமட்டமாக மிதக்கப் பறந்து போவாரே, அந்த இடம். ஹாலிவுட் பூலவார்டுக்குச் சற்றுத் தெற்கே, கஹுவெங்காவுக்கும் காஸ்மோ தெருவுக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் சந்து. சாப்ளினின் 'தி கிட்' (1921), ஹரால்ட் லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' (1923) இரண்டிலும் இதே சந்துதான். மௌனப் பட இடங்களை ஆராயும் ஜான் பெங்ட்சன் எப்போதோ கண்டுபிடித்துச் சொன்னது. இருந்தாலும் விடையைப் பார்க்காமல் கணக்கை நானே போட்டுப் பார்க்க ஆசை.

இதில் உயிரே நிழல்தான். லாஸ் ஏஞ்சலஸ் 34 டிகிரி வடக்கில் இருக்கிறது. நம்மூரில் வருவது போல அங்கே சூரியன் எந்த மாதத்திலும் உச்சந்தலைக்கு வராது. நண்பகலில் தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் சந்தின் வடபுறச் சுவரில் வெயில் அடிக்கும், தென்புறச் சுவர் இருண்டு கிடக்கும். இருட்டுச் சுவர் வலக்கைப் பக்கம் என்றால் கேமரா கிழக்கே பார்க்கிறது, இடக்கைப் பக்கம் என்றால் மேற்கே. அதற்கு முன்னால் படத்தின் பிரதி கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடைப் பலகை எழுத்தே அதைக் காட்டிக்கொடுக்கும். கடைப் பலகை தெரியாத ஷாட்டில் கோட்டைப் பாருங்கள்: ஆண்கள் கோட்டில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.

ஷாட்களை இப்படிக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பிறகே சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தை, அதாவது காப்பீட்டுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த பழைய நகர வரைபடத்தைத் திறந்தேன். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், மாடிக் கணக்கும் எழுதியிருக்கும். இதைவிட நல்ல துணை இந்த வேலைக்குக் கிடையாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் நிறையத் தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிரதி விஷயத்தில்தான் எரிச்சல். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் சட்டகத்தின் இடது ஓரமே இல்லை. மௌனப் படத்தை ஒலித்தடம் உள்ள பிரதியாக மாற்றும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். நமக்கு வேண்டிய கட்டட முனை சரியாக அங்கேதான் இருக்கும்! விற்பவர்கள் இதை அட்டையில் போட்டாலென்ன?

அடுத்து 'கேர்ள் ஷை' (1924) கடைசித் துரத்தல். லாயிட் கார், டிராம், குதிரை என்று மாறி மாறிப் பாய்வதில் எனக்குக் கீட்டனைவிட அதிகம் மூச்சு முட்டும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துத் தெருக்கள் ஹாலிவுட் போல நேர் திசையில் இல்லை, சாய்ந்து கிடக்கின்றன. நிழல் விதியை அந்தக் கோணத்துக்குத் திருப்பிப் போட வேண்டும். போதாததற்கு, அங்குள்ள பங்கர் ஹில் பகுதியின் பழைய வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்றைய தெருவைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ அங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது.

இந்தச் சந்தின் காஸ்மோ முனை இன்னும் பாக்கி. 'தி கிட்' சட்டகங்களை அதற்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். ஓரம் வெட்டுப்படாத பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.